சத்தியம் ஒரு நாள், நன்றி தினம் தினம்



"மாலை போட்டிருந்தப்ப தொட்டுக்கூடப் பார்க்கலை. கழட்டின அன்னைக்கே மறுபடி ஆரம்பிச்சுட்டார்." இந்தப் பேச்சை நம் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சூடம் அணைத்துச் சத்தியம், மாதா கோயிலில் முழங்கால் போட்டு ஜெபம், தர்காவில் கயிறு என்று பழவேற்காடு ஏரிக்கரையில் நாம் பார்க்காத வழி இல்லை. அப்படியும் குடி நிற்கவில்லை என்றால், 'சாமி கைவிட்டுட்டாரா, நம்ம வேண்டுதலில்தான் குறையா?' என்று மனசு உடைந்து போகிறோம்.

இரண்டும் இல்லை, தோழிகளே. சாமி நம்பிக்கை நல்ல துணைதான். ஆனால் மருந்தின் வேலையை அதன் தலையில் போடக்கூடாது.

குடி ஒரு நோய்

தினமும் குடித்துப் பழகிய உடம்பு, குடியைத் திடீரென்று நிறுத்தினால் தாங்காது. சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாளில் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவார்கள், இல்லாத உருவம் தெரிகிறது என்பார்கள். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலை இது. உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் மாலை போடுவதற்கு முன்னாடியே டாக்டரைப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: 'அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்க' என்று விற்கிற மருந்தை வாங்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் குடித்தால் மயக்கம் வரலாம், இதயம்கூடப் பாதிக்கப்படலாம்.

நம்பிக்கை எங்கே உதவுகிறது?

1935-ம் ஆண்டு அமெரிக்காவில் குடிநோயால் அவதிப்பட்ட இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் பங்கு வியாபாரம் செய்தவர், இன்னொருவர் டாக்டர். ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசியே இரண்டு பேரும் குடியிலிருந்து விலகி நின்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. குழு. இந்தியாவுக்கு இது 1957-ல் வந்தது. இதில் கட்டணம் கிடையாது. பெயரை வெளியில் சொல்லமாட்டார்கள். எந்த மதமும் இல்லை. நமக்கு மேலே ஒரு சக்தி இருக்கிறது, அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பார்கள்.

'இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்' என்று அங்கே சத்தியம் வாங்குவதில்லை. 'இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்' என்பதுதான் பேச்சு. நம் ஏரியில் பாடு முறை இருக்கிறதே, அதுபோல. இன்று எந்த இடம் நமக்கு வந்ததோ அங்கேதான் வலை. நாளைய பாட்டில் இன்றைக்கு இறால் பிடிக்க முடியாது.

நம்மைப்போல் ஒரு மனைவி தொடங்கிய சேவையும் உண்டு. சாந்தி ரங்கநாதன் அவர்களின் கணவர் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு முடங்கிவிடாமல், 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். குடிப்பவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நன்றி எதற்கு?

"இத்தனை வருஷம் அடிச்சு உதைச்சார். இப்ப குடிக்கலைன்னா நான் நன்றி சொல்லணுமா?" நியாயமான கேள்வி. பட்டதை மறக்கச் சொல்லவில்லை. அடியைப் பொறுத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. அடித்தால் 181-க்குப் போன் செய்யுங்கள்.

நாம் சொல்லும் நன்றி வேறு. குடியை விட்ட புதிதில் அவர் கண்ணுக்குக் கடனும் அவமானமும்தான் தெரியும். நமக்கோ 'எப்ப மறுபடி குடிப்பாரோ' என்ற பயம். அந்த வெறுமையில்தான் கடைப் பக்கம் கால் போகும். திரும்பி வந்தது என்ன என்று தினமும் எண்ணிப் பார்த்தால், காப்பாற்ற ஒன்று இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இறால் விற்ற காசு முழுசாக வீட்டுக்கு வந்தது. கை நடுங்காமல் வலையைச் சரிபண்ணினார். பிள்ளை பயப்படாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. இவையெல்லாம் சின்ன விஷயமா?

நாம் செய்யக்கூடியவை

1. ராத்திரி விளக்கை அணைக்கும் முன், அன்று நடந்த நல்லது மூன்றைச் சொல்லுங்கள். அவரும் சொல்லட்டும். சாமி படம் முன்னாலும் சொல்லலாம், திண்ணையில் உட்கார்ந்தும் சொல்லலாம்.

2. நல்ல பாடு கிடைத்த நாள், திருவிழா, சாவு வீடு, முகத்துவாரம் மண்மூடி வருமானம் இல்லாத நாட்கள் எல்லாம் ஆபத்தான நேரங்கள். அப்போது அவரைத் தனியாக விடாதீர்கள்.

3. மறுபடி குடித்துவிட்டால் 'சத்தியம் போச்சு, எல்லாம் போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் கூடினால் டாக்டரிடம் போவதில்லையா? அதுபோல மறுபடி சிகிச்சைக்குப் போக வேண்டும்.

4. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை. உங்கள் சாப்பாடு, தூக்கம், சேமிப்பு மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் உண்டு. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை கிடைக்கும்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் பத்து நிமிஷம் இதைப் பேசுவோம். யார் வீட்டுக் கதையும் வெளியே போகக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் அழுதால் கையைப் பிடித்துக்கொள்வோம். கடனை வாரா வாரம் கட்டித்தானே அடைக்கிறோம்? குடியிலிருந்து மீள்வதும் அப்படித்தான், ஒவ்வொரு நாளாக.