ஊழியர் குழுக்களுக்குப் பரிசு: எந்தச் செடி, எந்த மாதம்?

அம்பத்தூர் வட்டாரத்துப் பட்டறைகளில் ஆயுத பூசைக்குப் பொரிகடலையும், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியும், வசதியான தொழிற்சாலைகளில் எவர்சில்வர் பாத்திரமும் வழங்குவது பழைய வழக்கம். அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு வழக்கமும் சேர்ந்துள்ளது. பெரிய தொழிற்சாலைகளிலும் கணினி அலுவலகங்களிலும் ஊழியர்கள் சிறுசிறு குழுக்களாகச் சேர்ந்து கொள்கிறார்கள். பெண் ஊழியர் குழு, மாற்றுத் திறனாளிகள் குழு, முன்னாள் படைவீரர் குழு, வெளிமாநிலத்தார் குழு, வீட்டுத் தோட்டக் குழு எனப் பல உண்டு. இவை தொழிற்சங்கங்கள் அல்ல. ஒரே நிலையில் அல்லது ஒரே விருப்பத்தில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக அமைத்துக் கொள்பவை. இக்குழுக்களுக்கென்று நிர்வாகம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பரிசு கொடுக்கிறது. அப்பரிசு இப்போது பெரும்பாலும் செடியாகவோ விதையாகவோ விளைபொருளாகவோ இருப்பதால், நாற்றுப் பண்ணை வைத்திருப்போரும் காய்கறி, பூ, கரும்பு பயிரிடும் விவசாய அன்பர்களும் இதைப் பற்றித் தெரிந்து கொள்வது நல்லது.

செடி கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் கொடுத்த செடிகளில் எத்தனை ஓராண்டு கழித்து உயிரோடு இருக்கின்றன என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செடி பட்டுப் போனால் வாங்கியவர் நிர்வாகத்தைக் குறை சொல்வதில்லை. "எனக்குக் கைராசி இல்லை, சார்" என்று தம்மையே நொந்து கொள்கிறார். பெண் ஊழியர்கள் பலர் என்னிடம் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பருவம் தவறிய கன்றும், வேர் பிடிக்காத கன்றும் யார் கையில் கொடுத்தாலும் பட்டுத்தான் போகும்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். நிர்வாகங்கள் செடி வழங்கத் தேர்ந்தெடுக்கும் நாட்கள் பெரும்பாலும் இரண்டு. மார்ச் 8, உலக மகளிர் தினம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். சென்னைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இவ்விரண்டும் பொருந்தாத நாட்கள். மார்ச்சில் நட்ட இளங்கன்று வேர் ஊன்றுவதற்குள் கோடை முற்றி, அக்னி நட்சத்திரம் வந்துவிடும். ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவது கேரளத்தில்தான். நம் பகுதியில் அப்போது அனல் காற்று ஓய்ந்திருக்காது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. இதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஆகவே ஆடிப் பட்டத்திலிருந்து ஐப்பசி வரை நடுவதே உத்தமம். ஆயுத பூசைக்குக் கொடுக்கும் கன்று மார்ச்சில் கொடுக்கும் கன்றைவிட எளிதாகப் பிழைக்கும். மகளிர் தினத்தன்றே ஏதாவது தர வேண்டும் என்றால், அன்று விதைப் பொட்டலமோ விளைபொருளோ தந்துவிட்டு, "கன்று ஆவணியில் வரும்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கலாம். இதைக் கேட்டுச் சிரித்த மேலாளர்களும் உண்டு. ஒருவர் அப்படியே செய்தார். அவர் தொழிற்சாலையில் செடிகள் நன்றாகவே இருக்கின்றன.

அடுத்தது, யாருக்கு எது என்பது. பெண் ஊழியர் குழு என்றதும் ரோஜாச் செடி வாங்கிவிடுகிறார்கள். ஓசூர்ப் பக்கத்துக் குளிர்ச்சியில் வளர்ந்த ரோஜா, திருமுல்லைவாயில் வெயிலில் முதல் பூவோடு நின்றுவிடுவது சாதாரணம். பூச்செடிதான் வேண்டும் என்றால் இந்த ஊரின் பெயரிலேயே விடை இருக்கிறது. மாசிலாமணீசுவரர் கோயிலின் தலமரம் முல்லை. தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக் கொடி சுற்றிக் கொண்டது, அதை வாளால் வெட்டும்போது இலிங்கம் வெளிப்பட்டது என்பது தலவரலாறு. சிட்கோவின் மகளிர் தொழிற்பேட்டையும் இதே திருமுல்லைவாயிலில்தான் உள்ளது. அங்கோ அம்பத்தூரிலோ பணிபுரியும் பெண்களுக்கு முல்லைக் கொடி தருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, செடியும் இந்த மண்ணுக்கு ஒத்தது.

முல்லையில் பாரிமுல்லை, கோ.1, கோ.2 ஆகிய இரகங்கள் உள்ளன. ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். தரையில் நடுவதாக இருந்தால் நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 அடி கொண்ட குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு, மேல் மண்ணுடன் கலந்து நட வேண்டும். கொடிக்குக் கொடி 5 அடி இடைவெளி தேவை. தொட்டியில் வளர்ப்பதாக இருந்தால் 15 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். செம்மண், மணல், தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்பலாம். வெயில் நன்றாகப் பட வேண்டும், நீர் தேங்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளமான இடங்களில் தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்துக் கொள்வது மேல். ஜனவரி கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் முல்லையைப் பரிசளித்தால், இரண்டாம் ஆண்டில் கொடி படரும், பூ இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், முல்லையை எல்லாப் பெண் ஊழியர்க்கும் கொடுக்கும்படி நான் பரிந்துரைக்க மாட்டேன். பூ வைத்துக் கொள்ளும் வழக்கம் இல்லாதவர்கள் இருப்பார்கள். கணவரை இழந்தவர்கள் இருப்பார்கள். அலுவலகத்தில் பலர் முன்னிலையில் பூச்செடியைக் கையில் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம். குழுவில் கேட்டால் இது தெரிந்துவிடும். கேட்ட இடங்களில் எல்லாம் எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கறிவேப்பிலை. கடையில் கொசுறாகக் கிடைத்தது இப்போது காசுக்கு வருகிறது, அதிலும் மருந்து அடித்தது என்ற பயம். கறிவேப்பிலைக் கன்று ஓராண்டு வயதுடையதாக இருக்க வேண்டும். 3 அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். பறவை எச்சம் போலத் தோன்றும் புழு இலையைத் தின்னும். அதைக் கையால் பொறுக்கி எடுத்தாலே போதும், மருந்து வேண்டியதில்லை. புளித்த மோர் ஊற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மோர் ஊற்றுகிறோம் என்று தொழு உரத்தை மறந்துவிடக் கூடாது.

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு மாங்கன்று கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அவர் அதை எங்கே நடுவார்? ஊருக்கு எடுத்துச் செல்ல முடிந்தவர் சிலரே. மரக்கன்று தர விருப்பம் இருந்தால், தொழிற்சாலை வளாகத்திலேயே இடம் ஒதுக்கி, குழுவின் பெயரால் நட்டு, நீர் ஊற்றும் பொறுப்பை யார் ஏற்பது என்று அன்றே முடிவு செய்து கொள்ளலாம். மகிழம், புங்கன், வேம்பு, நாவல் ஆகியவை இங்கு நன்கு வரும். வாடகை வீட்டாருக்குக் கீரை விதையும் இரண்டு வளர்ப்புப் பைகளும் போதும். முளைக்கீரை 25 நாட்களில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழையும். நாளொன்றுக்கு நான்கு மணி நேர வெயில் கிடைக்கும் மாடிப்படி ஓரம்கூட இதற்குப் போதும்.

விதை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வயலுக்கு விற்கும் காய்கறி விதைகள் பூசண மருந்து கலந்து, சிவப்பு அல்லது நீலச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். விவசாயிக்கு இது தெரியும். குழந்தை உள்ள வீட்டில் அழகான காகிதப் பையில் இவ்விதையைப் பரிசாக வைப்பது ஆபத்து. மருந்து கலவாத விதை என்று கேட்டு வாங்கி, முளைப்புத் திறன் சோதித்த தேதியையும் பார்க்க வேண்டும். பேனாவின் அடியில் விதை வைத்து விற்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. என்ன விதை, எந்த ஆண்டு விதை என்பது அதில் பெரும்பாலும் இருப்பதில்லை.

மாற்றுத் திறனாளிகள் குழுவுக்கு டிசம்பர் 3-ந் தேதி, அவர்களுக்கான உலக நாளன்று பரிசு தருவார்கள். பார்வை குறைந்தவர்களுக்குத் துளசி, கற்பூரவல்லி, மரிக்கொழுந்து போன்று தொட்டும் முகர்ந்தும் அறியக்கூடிய செடிகள் பொருத்தம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தரையில் வைக்கும் தொட்டி பயன்படாது, கை எட்டும் உயரத்தில் இரும்புத் தாங்கி சேர்த்துத் தர வேண்டும். ஆயினும் இவர்களுக்குச் செடிதான் வேண்டும் என்று நாமே முடிவு கட்டுவது சரியன்று. கைப்பிடிச் சுவர் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்கக்கூடும். அது பரிசு அல்ல, நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்து முடித்த பிறகு செடிக்கு வரலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் நம் விவசாயிகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உள்ளது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்து இங்கு வேலை செய்வோர் ஏராளம். ஓர் அறையில் பலர் தங்குவதால் செடி வைக்க இடமில்லை. வடக்கத்தியார் என்று எல்லாரையும் ஒரே பெயரில் அடக்கி ஒரே இனிப்புப் பெட்டி கொடுப்பது நடைமுறை. பீகாரிகளுக்குத் தீபாவளி கழிந்த ஆறாம் நாள் வரும் சத் பூசை மிகப் பெரியது. ஒடிசாக்காரர்களுக்கு அப்படி அன்று. சத் பூசையில் சூரியனுக்குப் படைக்க முழுக் கரும்பு, இலையோடு கூடிய மஞ்சள் கொத்து, இஞ்சிச் செடி, தேங்காய், வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை தேவை. நமக்குப் பொங்கலுக்கு வேண்டிய கரும்பும் மஞ்சளும் அவர்களுக்கு இரண்டு மாதம் முன்னதாக வேண்டும்! ஊரை விட்டு வந்தவர்கள் இவற்றைத் தேடிச் சென்னை முழுவதும் அலைகிறார்கள். நிர்வாகம் ஒரு கட்டுக் கரும்பும் ஒரு கூடை மஞ்சள் கொத்தும் வரவழைத்துக் கொடுத்தால், அதற்கு ஈடான பரிசு அவர்களுக்கு வேறு இல்லை.

இதைப் பயிர் செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொங்கலுக்காகச் சித்திரையை ஒட்டி நடும் பன்னீர்க் கரும்பு நவம்பர் தொடக்கத்தில் முழு இனிப்பு ஏறியிராது. டிசம்பர், ஜனவரியில் முன்பட்டமாக நட்ட ஆலைக் கரும்பு அப்போது 10 மாதப் பயிராக இருக்கும். சில சென்ட் அளவுக்கு அதிலிருந்து வேரோடு எடுத்துக் கொடுக்கலாம். ஆலையுடன் ஒப்பந்தம் செய்தவர்கள் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது. மஞ்சளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வைகாசியில் நட்டது ஐப்பசியில் பச்சை இலையோடு இளங்கிழங்கு பிடித்து நிற்கும், அவர்கள் கேட்பதும் அதுதான். தேதி ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வெட்ட வேண்டும்.

சிறுதானியப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் இவை பரிசுகளில் அதிகம் இடம்பெறுகின்றன. நல்லதே. ஆனால் தினை, சாமையும் மாவுச்சத்து உள்ள தானியங்களே. சர்க்கரை நோயாளிகள் குழுவுக்குத் தினை லட்டு கொடுத்துவிட்டு இது சர்க்கரையை ஏற்றாது என்று சொல்லக் கூடாது. அரிசியாகவே தரலாம்.

இனி, கன்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான விஷயம். முல்லைக் குச்சி வேர் பிடித்துத் தயாராக மூன்று, நான்கு மாதமும், கறிவேப்பிலைக்கு ஓராண்டும் பிடிக்கும். நிர்வாகங்களோ விழாவுக்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் 500 கன்று கேட்கின்றன. நாற்றுப் பண்ணைக்காரர் என்ன செய்வார்? பாத்தியில் இருப்பதைப் பிடுங்கி, பாலிதீன் பையில் மண் போட்டு, மறுநாளே வண்டியில் ஏற்றுகிறார். அறுபட்ட வேருடன் வந்த கன்று இரண்டு வாரம் பச்சையாக நின்று பிறகு வாடுகிறது. வாங்குபவர் தண்டை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து ஆடி வந்தால் அது நேற்று வைத்த கன்று. பையின் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்ல கன்று. அவசரத்துக்கு மறுத்துச் சொல்லும் பண்ணைக்காரரிடமே அடுத்த ஆண்டுக்கு முன்பணம் கொடுத்து வைப்பது இரு தரப்புக்கும் இலாபம். ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் இச்செலவைக் கம்பெனிச் சட்டப்படியான சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் காட்ட முடியாது என்பதால், ஊழியர் நலக் கணக்கில் ஏப்ரலிலேயே ஒதுக்கிவிட்டால் ஆகஸ்டில் அவசரம் இராது.

விழா நாளன்று கன்றுகளைக் காலையிலேயே குளிர்சாதன அறைக்குள் அடுக்கி வைக்காமல் நிழலில் வைத்து நீர் தெளித்து, வேலை முடிந்து போகும்போது கொடுக்கலாம். ஒவ்வொரு பையிலும் செடியின் பெயர், நடும் முறை, கவாத்து மாதம் ஆகியவற்றைத் தமிழில் நான்கு வரி அச்சிட்டுக் கட்டுவது பண்ணைக்காரரின் வேலை. வாசகம் எழுதுவதில் ஐயம் உள்ளவர்கள் திருவள்ளூர் மாவட்டம் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.