பளபளப்பன்று, பிறந்த ஆண்டு!

ஜிந்துப்பிட்டிக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தை, மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போனது. பாவித்த ஸ்போர்ட்ஸ் காருக்குச் சில்லும் டயரும் தேடிச் செல்லும் இளைஞர் முதலில் நோக்குவது பளபளப்பையே. நோக்கவேண்டியதோ டயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்களை! 2319 எனின், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது.

இத்தகைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை. ஆதலின் டயரின் தவாளிப்புகள் ஆழமாகவே இருக்கும்; இறப்பரோ முதிர்ந்து இறுகிவிடும். தேயாவிடினும், 10 ஆண்டு கடந்த டயரை ஒதுக்குவதே அறிவு.

சில்லைப் பெரிதாக்க விரும்புவோர், டயரின் பக்க உயரத்தைக் குறைத்து, முழு விட்டத்தை முன்போலவே பேணல் வேண்டும். விட்டம் கூடினால், வேகமானி மெய்யான வேகத்தினும் குறைத்துக் காட்டும்.

மழைநாளிற் கண்டி வீதியின் கடுகண்ணாவை வளைவிலே நம் உயிரைத் தாங்குவது, ஒவ்வொரு சில்லின் கீழும் நிலந்தொடும் உள்ளங்கையளவு இறப்பரேயன்றோ!