காம்பினேஷன் ஸ்பேனர்

காம்பினேஷன் ஸ்பேனர் என்பது ஒரு முனையில் திறந்த வாயும் மறுமுனையில் மூடிய வளையமும் கொண்ட, நட்டுகளையும் போல்ட்டுகளையும் முடுக்கவும் கழற்றவும் பயன்படும் கைக்கருவி ஆகும். பெரும்பாலும் இரு முனைகளும் ஒரே அளவுடையவை. இரு முனைகளும் திறந்திருக்கும் ஸ்பேனரிலும், இரு முனைகளும் வளையமாக உள்ள ரிங் ஸ்பேனரிலும் ஒவ்வொரு முனையும் வேறு வேறு அளவில் இருக்கும். காம்பினேஷன் ஸ்பேனரில் அளவு ஒன்று, பிடிக்கும் முறை இரண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் இதை ரென்ச் என்பர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஸ்பேனர் என்ற பெயரே வழக்கில் உள்ளது.

கடைகளில் ஒரே அளவுள்ள ஸ்பேனர் பல விலைகளில் கிடைக்கிறது. பளபளப்பும் பெட்டியில் உள்ள எண்ணிக்கையும் தரத்தைக் காட்டுவதில்லை. நட்டின் பக்கங்களை ஸ்பேனரின் வாய் எவ்வளவு சரியாகப் பற்றுகிறது என்பதே தரத்தின் முதல் அளவுகோல். பற்று தளர்ந்தால் நட்டின் மூலைகள் மழுங்கும். மழுங்கிய நட்டைக் கழற்ற உளியும் ரம்பமும் தேவைப்படும். வழுக்கிய கை இயந்திரத்தில் மோதிக் காயமும் படும்.

வரலாறு

இரு வகை முனைகளையும் ஒரே தண்டில் இணைத்த ஸ்பேனரை 1933 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து பிளோம்ப் கருவி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் கருவிகள் பின்னர் புரோட்டோ என்ற பெயரில் விற்கப்பட்டன. ஜெர்மனியின் ரெம்ஷைட், வுப்பெர்டால் பகுதி நெடுங்காலமாகக் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 1862 இல் தொடங்கிய ஸ்டால்வில்லே, 1919 இல் டோவிடாட் சகோதரர்கள் தொடங்கிய கெடோர் ஆகியவை அப்பகுதியைச் சேர்ந்தவை. இந்தியாவில் பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்கள் கைக்கருவி உற்பத்தியின் முக்கிய மையங்கள். 1969 இல் சுவீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் கைக்கருவி உற்பத்தியைத் தொடங்கிய தபாரியா நிறுவனத்திற்கு நாசிக்கில் ஆலை உள்ளது.

அமைப்பும் அதன் காரணங்களும்

திறந்த முனை: இதன் வாய் தண்டுக்கு நேராக இல்லாமல் சுமார் 15 பாகை சாய்ந்திருக்கும். ஆறு பக்க நட்டு 60 பாகைக்கு ஒரு முறை அதே நிலைக்கு வருகிறது. வாய் நேராக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஸ்பேனரை 60 பாகை சுழற்றிய பிறகே அதை எடுத்து மறுபடி மாட்ட முடியும். 15 பாகை சாய்வு இருப்பதால், ஒரு முறை சுழற்றியபின் ஸ்பேனரைப் புரட்டி மாட்டினால் 30 பாகை இடமே போதும். இயந்திரத்தின் இடுக்கான பகுதியில் வேலை செய்யும்போது இந்தச் சாய்வின் பயன் தெரியும்.

வளைய முனை: இது நட்டை முழுவதும் சூழ்ந்து பிடிக்கும். தண்டின் மட்டத்திலிருந்து இதுவும் சுமார் 15 பாகை மேல்நோக்கி வளைந்திருப்பது வழக்கம். இதனால் வளையம் நட்டின்மேல் சமமாக அமரும்போதே விரல் முட்டிகளுக்கும் அடியிலுள்ள பரப்புக்கும் இடையே இடைவெளி கிடைக்கிறது. பள்ளத்தில் உள்ள நட்டுகளுக்கு இந்த வளைவு போதாது. அதற்கு ஆழமாக வளைந்த ரிங் ஸ்பேனரே ஏற்றது.

இரு முனைகளும் செய்யும் வேலை ஒன்றல்ல. திறந்த வாய் நட்டின் எதிரெதிரான இரு பக்கங்களை மட்டுமே பற்றும். அதிக விசை கொடுத்தால் வாயின் இரு தாடைகளும் சிறிது விரியும், விரிந்தவுடன் வழுக்கும். வளையம் எல்லாத் திசையிலும் விசையைப் பகிர்ந்துகொள்ளும், விரிய வழியில்லை. எனவே இறுகிய நட்டை முதலில் வளைய முனையால் தளர்த்த வேண்டும். தளர்ந்தபின் விரைவாகச் சுழற்றிக் கழற்றத் திறந்த முனையைப் பயன்படுத்தலாம். முடுக்கும்போது வரிசை தலைகீழ்: திறந்த முனையால் தொடங்கி, வளைய முனையால் முடிக்க வேண்டும். ஒரே அளவில் இரு முனைகளை வைத்ததன் நோக்கமே இதுதான்.

வகைகளின் ஒப்பீடு

ஆறு முனை வளையமும் பன்னிரண்டு முனை வளையமும்: சந்தையில் பெரும்பாலானவை பன்னிரண்டு முனை கொண்டவை. அவற்றை 30 பாகைக்கு ஒரு முறை மாட்டலாம். ஆறு முனை வளையத்தை 60 பாகைக்கு ஒரு முறைதான் மாட்ட முடியும். ஆனால் அது நட்டின் பக்கங்களை அதிகப் பரப்பில் பற்றும். துருப்பிடித்த, ஏற்கெனவே சற்று மழுங்கிய நட்டுகளுக்கு ஆறு முனையே பாதுகாப்பானது. அன்றாட வேலைக்குப் பன்னிரண்டு முனை வசதியானது.

மூலையில் பற்றுபவையும் பக்கத்தில் பற்றுபவையும்: பழைய வடிவ வளையங்களில் விசை நட்டின் கூர்மையான மூலைகளில் குவியும். 1960களில் அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் வளையத்தின் உட்பகுதியைச் சிறிது வளைத்து, மூலையிலிருந்து சற்று விலகிப் பக்கங்களில் விசை விழுமாறு அமைத்துக் காப்புரிமை பெற்றது. இப்போது பல நிறுவனங்கள் இவ்வகை வடிவத்தைப் பின்பற்றுகின்றன. வளையத்துக்குள் பார்த்தால் முனைகளுக்கு அருகில் நேர்க்கோடுகளுக்குப் பதிலாக மென்மையான வளைவு தெரியும்.

ராட்செட் வகை: வளைய முனைக்குள் பற்சக்கரம் உள்ளது. ஸ்பேனரை எடுத்து எடுத்து மாட்டாமல் முன்னும் பின்னும் அசைத்தே நட்டைச் சுழற்றலாம். 72 பற்கள் கொண்டதில் ஒவ்வோர் அசைவுக்கும் 5 பாகை இடம் போதும். நீண்ட மரையுள்ள போல்ட்டுகளில் நேரம் மிச்சமாகும். ஆனால் வளையம் தடிமனாக இருப்பதால் சில இடுக்குகளில் நுழையாது. உள்ளே தூசியும் மணலும் சேர்ந்தால் பற்கள் தேயும். இறுகிய நட்டைத் தளர்த்தச் சாதாரண வளையத்தைப் பயன்படுத்தி, அதன்பின் ராட்செட்டை எடுப்பது நல்லது. முதல் ஸ்பேனராக இதை வாங்குவதைவிட இரண்டாவது தொகுப்பாக வாங்குவதே பொருத்தம்.

நீளமானவையும் குட்டையானவையும்: நீளம் கூடினால் குறைந்த விசையில் அதிக முறுக்கு கிடைக்கும். குட்டை ஸ்பேனர் நெருக்கமான இடத்தில் நுழையும், ஆனால் இறுகிய நட்டுக்கு உதவாது. வழக்கமான நீளமே பொது வேலைக்கு உகந்தது.

தண்டின் வடிவம்: சில ஸ்பேனர்களின் தண்டு தட்டையாகவும், சிலவற்றில் உருண்டையான விளிம்புடனும் இருக்கும். ஸ்டால்வில்லே போன்ற சில நிறுவனங்கள் கட்டட உத்தரம் போல நடுவில் பள்ளமும் ஓரங்களில் தடிமனும் கொண்ட தண்டைத் தருகின்றன. இதில் எடை குறையும், வலிமை குறையாது. விளிம்புகள் கூராக இருந்தால் பலமாக இழுக்கும்போது உள்ளங்கை வலிக்கும்.

மேற்பூச்சு: கண்ணாடி போன்ற குரோம் பூச்சு துருவைத் தடுக்கும், துடைக்க எளிது. எண்ணெய்க் கையில் சற்று வழுக்கும். மங்கலான குரோம் பூச்சில் பிடி நன்றாக இருக்கும். பூச்சு எதுவானாலும் அது வலிமையைக் கூட்டுவதில்லை. மலிவான பூச்சு உரிந்தால் அதன் கூரான செதில்கள் கையைக் கிழிக்கும்.

உலோகமும் பதமும்

நல்ல ஸ்பேனர்கள் குரோம் வனேடியம் எஃகுக் கட்டியைச் சூடாக்கி, அச்சில் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படுகின்றன. பின்னர் சூடாக்கிக் குளிர்விக்கும் முறையால் பதப்படுத்தப்படுகின்றன. கடினம் மட்டும் போதாது. மிகக் கடினமானால் ஸ்பேனர் திடீரென உடையும். மிருதுவானால் வாய் விரிந்துபோகும். இரண்டுக்கும் இடையிலான பதமே தயாரிப்பாளரின் திறமை. ஸ்பேனரில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பது உலோகத்தின் பெயரை மட்டும் சொல்கிறது, பதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இரு சக்கர வாகனத்துடன் தரப்படும் தகட்டு ஸ்பேனர்கள் பெரும்பாலும் தகட்டில் வெட்டியெடுக்கப்பட்டவை. அவை வழியில் அவசரத்துக்கு மட்டும் உதவும்.

அளவுகள்

ஸ்பேனரில் உள்ள எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். அது போல்ட்டின் பருமன் அன்று. ஒரே பருமனுள்ள போல்ட்டுக்குத் தரநிலையைப் பொறுத்து ஸ்பேனர் அளவு மாறும்.

| போல்ட் | ஐ.எஸ்.ஓ. | பழைய ஜெர்மன் | ஜப்பானிய வாகனங்கள் |
|---|---|---|---|
| எம்6 | 10 | 10 | 10 |
| எம்8 | 13 | 13 | 12 |
| எம்10 | 16 | 17 | 14 |
| எம்12 | 18 | 19 | 17 |

ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் உருவான வண்டிகளில் 10, 12, 14, 17 ஆகியவையும், ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவற்றில் 10, 13, 17, 19 ஆகியவையும் அதிகம் தேவைப்படுவதன் காரணம் இதுவே. விளிம்புள்ள தலை கொண்ட போல்ட்டுகளில் இந்த அளவுகள் மாறலாம்.

அங்குல அளவு ஸ்பேனர்களை மில்லிமீட்டர் நட்டுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. ஆதலால் 19 மி.மீ. நட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஒன்பதின் பதினாறு அங்குலம் 14.29 மி.மீ. என்பதால் 14 மி.மீ. நட்டில் ஆடும். அந்த ஆட்டமே மூலைகளை மழுங்கச் செய்யும். பழைய பிரித்தானிய விட்வொர்த் ஸ்பேனர்களில் பொறித்த எண் போல்ட்டின் பருமனைக் குறிக்கும், வாயின் அகலத்தை அன்று. அவற்றை எண் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பொருந்தாது.

விசைக் கணக்கு

முறுக்கு விசை என்பது கையின் விசையை நட்டின் மையத்திலிருந்து கை இருக்கும் தூரத்தால் பெருக்கக் கிடைப்பது. 8.8 தர எம்6 போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 மி.மீ. ஸ்பேனரில் கை மையத்திலிருந்து 12 செ.மீ. தூரத்தில் இருந்தால், அதற்குச் சுமார் 83 நியூட்டன், அதாவது எட்டரைக் கிலோ எடைக்கு ஈடான இழுவை வேண்டும். நடுத்தர உடலமைப்புள்ளவர் பலமாக இழுத்தால் இதைப்போல் இரண்டு மடங்கு எளிதில் வந்துவிடும். தண்டில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும். அப்போது போல்ட் அறுந்து மரைத்துளைக்குள் நின்றுவிடும். சிறிய ஸ்பேனர் குட்டையாகவும் பெரிய ஸ்பேனர் நீளமாகவும் செய்யப்படுவது இந்தக் கணக்கினால்தான். நீளமே ஒரு பாதுகாப்பு எல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அளவு தெரிந்த புதிய நட்டு போல்ட் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்வது சிறந்த சோதனை. 13 மி.மீ. நட்டு என்பது அதிகபட்சம் 13 மி.மீ. அகலமே உடையது. ஸ்பேனரின் வாய் அதைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். திறந்த முனையை மாட்டி அசைத்தால் மிகச் சிறிய ஆட்டமே தெரிய வேண்டும். ஒரே பெட்டியில் ஒரு ஸ்பேனர் இறுகலாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருந்தால் அத்தயாரிப்பில் கவனம் இல்லை என்று பொருள்.

- திறந்த வாயின் இரு உட்பக்கங்களும் இணையாக இருக்க வேண்டும்.
- வளையத்தின் உள்விளிம்பு அதிகமாகச் சரித்து வெட்டப்பட்டிருந்தால் மெல்லிய நட்டுகளில் பிடி குறையும்.
- வளையத்தின் சுவர் மிகத் தடிமனாக இருந்தால் அருகில் சுவரோ வேறு நட்டோ உள்ள இடத்தில் நுழையாது.
- அளவெண் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டுத்தாளில் உள்ள எண் எண்ணெயில் அழிந்துவிடும்.
- தயாரிப்பாளர் பெயர் இல்லாத ஸ்பேனருக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

வீட்டு உபயோகத்துக்கு நாற்பது ஸ்பேனர் கொண்ட மலிவான பெட்டி தேவையில்லை. 8, 10, 12, 13, 14, 17, 19 ஆகிய ஏழு அளவுகளில் தரமானவை இருந்தால் இரு சக்கர வாகனம், தண்ணீர் மோட்டார், இரும்புக் கட்டில், அலமாரி ஆகியவற்றின் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். மிதிவண்டி மிதியைக் கழற்ற 15 மி.மீ. தேவைப்படலாம். அதன் இடுக்கில் நுழைய மெல்லிய வாய் உள்ள ஸ்பேனர் வேண்டும்.

பயன்படுத்தும் முறை

1. நட்டில் உள்ள மண்ணையும் துருவையும் துடைத்த பின்னரே ஸ்பேனரை மாட்ட வேண்டும்.
2. வாய் நட்டின் முழு உயரத்தையும் பற்றும்படி அடிவரை நுழைக்க வேண்டும்.
3. கூடியவரை தன்பக்கமாக இழுக்க வேண்டும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் திறந்த உள்ளங்கையால் தள்ள வேண்டும்.
4. துருப்பிடித்த நட்டுக்குத் துருநீக்கி எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். உடனே பலத்தைக் காட்டுவது மூலைகளைக் கெடுக்கும்.
5. தளர்வான வாயில் தகட்டுத் துண்டை இடையில் செருகி முடுக்கக் கூடாது.
6. ஸ்பேனரைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. அடிப்பதற்கென்றே தடித்த தனி ஸ்பேனர்கள் உள்ளன.
7. குரோம் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும். வாகன மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் விடுவிக்க வேண்டும். அப்போதுதான் நேர்முனையைக் கழற்றுகையில் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டாலும் பொறி பறக்காது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, அளவு வரிசையில் வைத்தால் ஸ்பேனர் பல்லாண்டு உழைக்கும். திறந்த வாய் விரிந்துவிட்டால் அதை நசுக்கிச் சரிசெய்ய முயலக் கூடாது. அப்படிச் சரிசெய்தது அடுத்த நட்டில் மறுபடியும் வழுக்கும். அந்த ஸ்பேனரின் வளைய முனையை மட்டும் பயன்படுத்தலாம். வளையத்தில் கீறல் விழுந்திருந்தால் முழு ஸ்பேனரையும் ஒதுக்கிவிட வேண்டும்.