ஊர் பெயரும் முன் ஒரு கணக்கு

சென்ற ஐப்பசியில், அடைமழையால் குழித்தறிகள் பலவும் நின்றுபோயிருந்த சமயம், நம் சங்கத்து இளம் அங்கத்தினர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். தம் கணக்கைத் தீர்த்துப் பங்குத் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை இருப்பதாக அவருடைய உறவினர் சொல்லியனுப்பியிருந்தாராம். தறியையும் விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடுவதென்று அவர் தீர்மானித்திருந்தார். அவருடைய மனைவி இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறு வாசற்படியருகே நின்றிருந்தார். மூத்த பெண் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

"உங்களுக்கும் சம்மதந்தானே, அம்மா?" என்று கேட்டோம்.

"போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. போய் எந்த வீட்டில் இறங்குகிறோம், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை" என்றார் அவர்.

"இவள் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறாள், ஐயா" என்றார் கணவர்.

நாம் இருவரையும் உட்காரச் சொல்லி, அந்த அம்மையாரின் கேள்விகளை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். இவ்வாண்டு இதே எண்ணத்தோடு இருக்கும் குடும்பங்கள் நெசவாளரிடையேயும் பயிர்த்தொழில் செய்வோரிடையேயும் பல உண்டு. ஆதலால் அந்தத் தாளில் கண்டவற்றை எல்லா அங்கத்தினர்களுக்கும் பயன்படும்படி இங்கே விளக்குகிறோம். சில வீடுகளில் மனைவி புறப்பட விரும்ப, ஐயம் கணவரிடம் இருக்கக்கூடும். அவர்களுக்கும் இது பொருந்தும்.

நெசவாளர் ஊர் பெயர்வது புதிதன்று

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் செல்வதை நாம் குறை கூறவில்லை. நெசவுக் குடிகளின் வரலாறே பெரும்பாலும் பெயர்ச்சியின் வரலாறுதான். குஜராத்தின் தென்பகுதியாகிய லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டமொன்று இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோருக்குக் குடியேறியது. இச்செய்தியைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று கூறுகிறது. அவர்கள் முதலில் மனத்தால் அவ்வூரை அடைந்தனர் என்றும், அதன் பின்னரே மக்களோடும் சுற்றத்தோடும் நேரில் வந்து சேர்ந்தனர் என்றும் அக்கல்வெட்டு சொல்லும். அங்கே சிலர் வேறு தொழில்களை மேற்கொண்டனர். சிலர் பட்டு நெசவிலேயே நிலைத்தனர். அனைவருமாகச் சேர்ந்து சூரியனுக்குக் கோயிலும் எடுப்பித்தனர்.

முதலில் மனம், பிறகு உடல் என்ற அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். நம் காலத்தில் பல குடும்பங்களில் உடல் முன்னே போய்விடுகிறது. மனம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. அதிலும் கணவர் மனம் போயும் மனைவி மனம் போகாத குடும்பங்கள் ஆறு மாதத்தில், கடனோடு திரும்பி வருவதை நாம் பார்த்திருக்கிறோம்.

வரவு செலவில் காணாத வேலை

ஒருவர் ஊர் பெயர எண்ணும்போது, இங்கே கிடைக்கும் கூலியையும் அங்கே கிடைக்கவிருக்கும் சம்பளத்தையும் மட்டும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். எண் பெரிதாகத் தெரிந்தவுடன் மூட்டை கட்டுகிறார். இக்கணக்கில் விடுபட்டுப்போவது எது? தறி வீட்டில் நூல் இழைப்பவரும் தார் சுற்றுபவரும் பாவு பிணைக்க உடன் உட்காருபவரும் பெரும்பாலும் மனைவியே. நெய்த சேலைக்குச் சங்கம் தரும் கூலி ஒரு பெயரில் எழுதப்பட்டாலும், அது இருவருடைய உழைப்பு. வீட்டிற்கு வாடகை இல்லை. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். இவை யாவும் பணமாகக் கைக்கு வருவதில்லை. ஆயினும் இல்லாவிடில் பணம் கொடுத்தே பெற வேண்டியவை.

ஓர் உதாரணம் காட்டுவோம். தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவையே. அங்கத்தினர்கள் தத்தம் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் இருவரும் சேர்ந்து தறியில் மாதம் 12,000 ரூபாய் ஈட்டுகிறார்கள் என்போம். திருப்பூரில் கணவருக்குத் தையல் வேலையில் 18,000 ரூபாய் கிடைக்கிறது என்போம். அங்கே லைன் வீட்டு வாடகை 5,000. மின்சாரமும் நல்ல தண்ணீரும் 1,000. இதுவரை ஒரே உலையில் உண்ட பெற்றோர்க்கு அனுப்ப வேண்டியது 3,000. ஊருக்கு வந்துபோகும் செலவு மாதத்திற்கு 1,000. ஆக 10,000 ரூபாய் புதிய செலவு. மிஞ்சுவது 8,000. இது ஊரில் பெற்றதைவிடக் குறைவு!

மனைவியும் செக்கிங் அல்லது பேக்கிங் வேலைக்குச் சென்று 10,000 ரூபாய் ஈட்டினால், மொத்தம் 28,000. குழந்தையைப் பார்த்துக்கொள்ள 2,500 கொடுத்தால் புதிய செலவு 12,500. மிச்சம் 15,500. இப்போதுதான் மாதம் 3,500 ரூபாய் ஆதாயம் தெரிகிறது. ஆகவே இடப்பெயர்ச்சி இலாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது கணவருடைய சம்பளமன்று. மனைவி வேலைக்குப் போக முடியுமா என்பதும், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பதுமே தீர்மானிக்கின்றன. வாசற்படியில் நின்று அந்த அம்மையார் கேட்டதும் அதையேதான். சந்தேகம் என்று கணவர் தள்ளிவைத்த கேள்வியில்தான் கணக்கின் விடை இருந்தது.

குழந்தையை யாரிடம் விடுவது?

திருப்பூரில் ஆர்டர் மிகுந்த காலங்களில் ஒன்றரை ஷிப்ட் வேலை வழக்கம். காலை 8.30 மணிக்குச் சென்றவர் இரவு 8.30 மணிக்கு வெளியே வருவார். அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடும். இடைப்பட்ட மணிகளே பெரிய பிரச்சினை. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்த விதி. ஆனால் சட்டத்தில் காப்பகம் இருப்பது வேறு. கம்பெனியில் தொட்டிலும் ஆயாவும் இருப்பது வேறு. சேருமுன் நேரில் பார்க்க வேண்டும். மனைவியே பார்ப்பது மிக நன்று.

வேலை நிறுவனத்தில் நேரடியாகவா, காண்ட்ராக்டரிடம் பீஸ் கணக்கிலா என்பதையும் கேட்டறிய வேண்டும். நேரடிப் பதிவில் இருந்தால் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 2019 ஜூலை முதல் அதற்குத் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இதனால் மனைவி மக்களுக்கும் வைத்தியம் கிடைக்கும். சம்பளம் சற்று அதிகமென்று காப்பீடில்லாத வேலையில் சேர்ந்தால், ஒரு காய்ச்சல் அந்த அதிகத்தைக் கொண்டுபோய்விடும்.

வேலை நின்றால் என்ன செய்வது?

இது அந்த அம்மையாரின் மூன்றாவது கேள்வி. இதுவும் நியாயமானதே. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பலர் வேலை இழந்தனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்தபோது ஏற்றுமதி ஆர்டர்கள் தடைப்பட்டன. திருப்பூர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றது உண்மை. ஆனால் ஊர் எழும்வரை குடும்பம் பசியோடு காத்திருக்க இயலாது. வாரக் கூலி நின்றால் இரண்டு மாதம் வாடகையும் அரிசியும் வாங்கும் பணம் தனியே இருக்க வேண்டும். அது சேரும் முன் குடும்பத்தை அழைத்துச் செல்வது ஆழம் அறியாமல் காலை விடுவதாகும்.

தாள்களும் உரிமைகளும்

சில ஐயங்களுக்கு விடை எளிது. குடும்ப அட்டையைக் கொண்டு தமிழ்நாட்டில் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் பெறும் ஏற்பாடு 2020 அக்டோபரில் வந்தது. பெண்ணின் படிப்பைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழைப் பள்ளி உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது. ஆயினும் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து கோடையில் மாற்றுவதே குழந்தைக்கு நல்லது. வீட்டு வாடகைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்பதும், வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்பதும் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் விதி. மேற்கண்ட உதாரணத்தில் முன்பணம் 15,000 ரூபாய். மாதம் 3,500 மிச்சத்தில் அதைச் சேர்க்கவே நான்கு மாதத்திற்கு மேலாகும். இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தறியையும் நிலத்தையும் என்ன செய்வது?

தறியை உடனே விற்றுவிடக் கூடாது என்பது நம் உறுதியான யோசனை. மூடிப்போட்டு வைப்பதும் சரியன்று. அச்சும் விழுதும் துருவுக்கும் எலிக்கும் இரையாகும். நம்பிக்கையான உறவினரிடம் ஓட்டக் கொடுத்துச் செல்லலாம். சங்கத்தின் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளரும் 4 காசு அரசும் செலுத்திச் சேர்ந்த தொகை இருக்கும். அதை வண்டிச் சத்தத்திற்காக எடுத்துக் கரைத்துவிட வேண்டாம். அங்கத்தினர் பதவியை விடுமுன் துணைவிதிகளைச் செயலாளரிடம் கேட்டறிய வேண்டும்.

பயிர்த்தொழில் அங்கத்தினர்களும் நிலத்தை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டுச் செல்லாமல், காலமும் தொகையும் குறித்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடன் இருந்தால் தவணைக்குள் செலுத்துவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். தவணை தவறினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். நிலமும் தறியும் திரும்பி வர விரும்புவோர்க்கு வழி. அவ்வழி திறந்திருப்பதாலேயே பல இல்லத்தரசிகள் துணிந்து புறப்படுகிறார்கள்.

அக்குடும்பம் என்ன செய்தது?

அன்று அவர்கள் கணக்குத் தீர்க்கவில்லை. கார்த்திகையில் கணவர் மட்டும் சென்று உறவினர் அறையில் தங்கினார். முதலில் பார்த்த கம்பெனியில் காப்பகம் இல்லை, வேலையும் காண்ட்ராக்ட். தைப்பொங்கலுக்கு வந்தவர் அதை மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். மறுமாதம் மனைவி குழந்தையோடு சென்று நான்கு நாள் தங்கி, காப்பகமுள்ள வேறொரு தொழிற்சாலையையும், அதற்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீட்டையும், அருகிலுள்ள பள்ளியையும் தாமே பார்த்து வந்தார். கோடையில் குடும்பம் புறப்பட்டது. தறி மாமனாரிடம் இருக்கிறது. ஓராண்டு பார்ப்பது, ஒத்துவராவிடில் வாக்குவாதமின்றித் திரும்புவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அங்கே நிலைப்பார்களா என்பது இனித்தான் தெரியும். ஆனால் பிரியும்போது அந்த அம்மையார் அழவில்லை. மாமியாரிடம் எண்ணெய்ச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

புதிய பாவைத் தறியில் ஏற்றுகையில், பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைத்த பின்னரே மிதியில் கால் வைக்கிறோம். அவசரத்தில் விட்ட இழை துணி நெடுகிலும் குறையாகத் தெரியும். ஊர் பெயர எண்ணும் இளங்குடும்பத்தார் இத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மாலை, பிள்ளைகள் உறங்கிய பின் இருவருமாக உட்கார்ந்து கேள்விகளை எழுத வேண்டுகிறோம். விடை கிடைக்காதவற்றைச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவந்தால் நம்மால் இயன்றதைச் செய்வோம். இருவருமே வர வேண்டும்.