கண் எத்தனை மில்லிமீட்டர்?

நம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டவர்களை எண்ணிப் பாருங்கள். அதில் பாதிப் பேர் சின்ன வயசிலேயே போட்டவர்களாக இருப்பார்கள். கண்ணாடிக்கும் மெக்கானிக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கிட்டப்பார்வை என்பதே பெரும்பாலும் ஒரு நீளப் பிரச்சனைதான்.

வளர்ந்தவர் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. அது அளவுக்கு மீறி நீண்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும், போர்டு மங்கும். கண்ணாடி பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளித் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடி கண் நீள்வதை நிறுத்தாது. நீள நீள விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பிற்காலத்தில் அது கிழியவும் பிரியவும் வாய்ப்பு கூடுகிறது. பயப்பட வேண்டியது இதற்குத்தான், சோடாபுட்டிக் கண்ணாடிக்கு அல்ல.

வளர்கிற கண்ணுக்கு எங்கே நிற்பது என்று எப்படித் தெரியும்? கோழிக்குஞ்சுகளுக்கு லென்ஸ் மாட்டிப் பார்த்தார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழுந்தால் கண் வேகமாக நீண்டது. முன்னால் விழுந்தால் வளர்ச்சி தணிந்தது. நாம் படிக்கிற கவர்னர் மாதிரியே இல்லை?

இதை வைத்துச் செய்ததுதான் மைசைட் என்ற காண்டாக்ட் லென்ஸ். நடுவட்டம் தூரத்தைத் தெளிவாகக் காட்டும். சுற்றியுள்ள சில வளையங்களில் +2 டயாப்டர் கூடுதல். அதனால் ஒளியில் ஒரு பங்கு விழித்திரைக்கு முன்னால் குவியும். பிள்ளைக்குப் போர்டும் தெரியும், கண்ணுக்கு 'போதும்' என்ற சேதியும் போகும்.

போர்ச்சுகல், பிரிட்டன், சிங்கப்பூர், கனடா நாடுகளில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்து மூன்று வருஷம் சோதித்தார்கள். சாதாரண லென்ஸ் போட்டவர்களுக்குக் கண் சராசரியாக 0.62 மி.மீ. நீண்டது, இதைப் போட்டவர்களுக்கு 0.30 மி.மீ. மைனஸ் பவர் ஏற்றம் 1.24, 0.51. வித்தியாசம் 0.32 மி.மீ.தான், நம் வெர்னியரில் பதினாறு கோடு! 2019 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி தந்தது.

ஏற்கெனவே ஏறிய பவரை இது இறக்காது. எல்லாருக்கும் ஒரே பலனும் இல்லை. கை கழுவாமல் தொட்டாலோ, தண்ணீர் பட்டாலோ, போட்டபடி தூங்கினாலோ கருவிழியில் கிருமி தாக்கலாம். தினமும் புது ஜோடி, பழசைத் தூக்கிப் போட வேண்டும். வருஷத்துக்கு 730 லென்ஸ். தினக்கூலி வீட்டுக்கு இது எட்டுமா?

எட்டாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆறாவது படிக்கும் என் தங்கைக்கு வருஷா வருஷம் பவர் ஏறுகிறது. "கண்ணாடி போட்டாத்தான் ஏறும், கழட்டி வைம்மா" என்பார் எங்கள் அப்பத்தா. மலேசியாவில் சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவில், அவர்களுக்குத்தான் பவர் அதிகம் ஏறியிருந்தது. வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால் இதை அப்பத்தாவுக்குப் புரிய வைப்பதும் என் வேலைதான். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, பவரோடு கண்ணின் நீளத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.