புள்ளி போன கதை

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டிய எழுத்தன்று. ஒருவர் காலமாகி 31ஆம் நாள் நடைபெறும் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருவோர் கையிற் கொடுக்கப்படும் சிறு நூலுக்கே அப்பெயர் வழங்குகின்றது. முகப்பில் அமரரின் படம். உள்ளே திருமுறைப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூறும் புலம்பல், வம்சாவளி. ஈற்றில் நன்றி நவிலல். யாழ்ப்பாணத்திற் சிறிய அச்சகம் நடத்துவோரின் அடுப்பு ஆண்டு முழுவதும் எரிவது பெரும்பாலும் இந்தக் கல்வெட்டுகளாலேதான். கலியாண அழைப்பிதழுக்குப் பருவம் உண்டு. மரணத்துக்கு அது கிடையாது.

நானும் அத்தகைய அச்சகம் ஒன்றுக்குச் சொந்தக்காரன். சொந்தக்காரன் என்ற சொல்லைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். எழுத்துக் கோப்பவனும், பிழை திருத்துபவனும், மாலையிற் கடதாசிக் கழிவைக் கூட்டி அள்ளுபவனும் நானேதான். 2010ஆம் ஆண்டில் என் கணினியின் பழைய திரையை மாற்றிப் புதியதொன்று வாங்கினேன். ஒரு மேசைப் பொருளை மாற்றியதை எழுதவும் வேண்டுமோ என்று கேட்பீர்கள். அதை மாற்றுவதற்கு முன் ஒரு நல்ல மனிதரின் பெயருக்கு நான் செய்த தீங்கை எழுதத்தான் வேண்டும்.

எழுபதுகளில், ஈய எழுத்திலே நான் தொழில் பழகினேன். அங்கே ‘க’ ஓர் அச்சு, ‘க்’ வேறோர் அச்சு. இரண்டுக்கும் வெவ்வேறு அறைகள். கண்ணை மூடிக்கொண்டே கை அந்தந்த அறைக்குப் போகும். தேய்ந்த எழுத்தாயிற் புள்ளி உடைந்திருக்கலாம்; ஆயினும் அது படியிலே தெரிந்துவிடும். பின்னர் கணினி வந்தது, அதனோடு ‘பாமினி’ எழுத்தும் வந்தது. பாமினியில் மெய்யெழுத்துக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். முதலில் எழுத்து, பின்னர் புள்ளி. அந்தப் புள்ளியின் இடம் ஆங்கில விசைப்பலகையின் அரைப்புள்ளிச் சாவி, வலக்கைச் சிறுவிரலுக்குரியது. விரல்கள் ஐந்தில் மிகவும் சோம்பேறி அச்சிறுவிரல்தான் என்பதைத் தட்டச்சுப் பழகிய எவரும் அறிவர். தமிழுக்குரிய புள்ளி முழுவதும் அதன் பொறுப்பில் விடப்பட்டது.

என் திரை 2002இல் வந்தது. அவ்வாண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்டதும், கொழும்பில் ஓர் அலுவலகத்தார் பாவித்துக் கழித்ததை உறவினர் ஒருவர் வாங்கி லொறியில் அனுப்பினார். 17 அங்குலம், நிறை 15 கிலோவுக்குக் குறையாது. இருவர் பிடித்து மேசைமேல் வைத்தபோது மேசை ஒருமுறை முனகியது. ஆளியைப் போட்டதும் உள்ளே ‘தும்’ என்றொரு சத்தம் எழும். திரையில் நிறங்கள் ஒருகணம் நடுங்கி நிலைகொள்ளும். அதன் முதுகு எப்பொழுதும் இளஞ்சூடாயிருந்தமையால் வீட்டுப் பூனை அங்கேயே குடியேறிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கூடு, வாக்கிய பஞ்சாங்கம், பூனை ஆகிய மூன்றுக்கும் அந்தத் தலை போதுமான இடம் கொடுத்தது.

1897இல் ஜேர்மன் விஞ்ஞானியான கார்ல் பேர்டினண்ட் பிரவுண் ஆக்கிய கதோட்டுக் கதிர்க் குழாயின் பேரப்பிள்ளை அது. பின்புறத்துக் கழுத்திலிருந்து இலத்திரன்கள் கற்றையாகப் புறப்பட்டு, இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தால் இழுக்கப்பட்டு, முன்கண்ணாடியின் உட்புறத்திற் பூசிய ஒளிர்பொருளில் வந்து மோதும். மோதிய இடம் ஒளிரும். அக்கற்றை வரிவரியாக ஓடிப் படம் முழுவதையும் செக்கனுக்கு அறுபது முறைக்குக் குறையாமல் எழுதி எழுதிக் காட்டுகின்றது. வயது ஏற ஏறக் கதோட்டு சோர்ந்துபோகும். ஒளி மங்குகின்றதேயென்று நாம் வெளிச்சத்தைக் கூட்டுவோம். கூட்டினாற் கற்றை தடித்துக் கூர்மை கெடும். வெள்ளைத் தாளிற் கறுப்பெழுத்து என்ற தோற்றத்தில் ஒளிர்வது எழுத்தன்று, தாள்தான். தாளின் வெண்மை கரை மீறிப் பரவும்போது முதலில் விழுங்கப்படுவது எது? மிகச் சிறியது எதுவோ அதுதான்.

2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. அரிசிக்கும் மாவுக்கும் கப்பலைப் பார்த்திருந்த நாட்களில் கணினித் திரைக்கு எங்கே போவது? திருத்துநர் ஒருவர் வந்து, பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த சிறு திருகொன்றை மெல்லத் திருப்புவார். எழுத்துக் கூர்மையாகும். சில மாதங்களில் மறுபடியும் பழைய நிலை. மூன்றாவதோ நான்காவதோ முறை வந்தபோது, “இனித் திருப்ப இடமில்லை ஐயா” என்றார். 2009இற் போர் முடிந்து பாதை திறந்த பின்னரும் நான் திரையை மாற்றவில்லை. எனக்கு எல்லாம் தெரிகின்றதே, பிறகேன் செலவு என்றிருந்தேன்.

உண்மையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வழக்கம் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய ஏட்டுச்சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகார வேறுபாடும் அவற்றிற் காண்பதரிது. படிப்பவர் தம் புலமையால் ஒவ்வொரு புள்ளியையும் மனத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அத்தகைய ஏடுகளை வைத்துக்கொண்டு அச்சு நூல் கண்டவர்கள். அவர்கள் இல்லாத புள்ளியை இட்டு நூலைக் காத்தார்கள். நானோ என் குழாய்த் திரையை ஏடாக்கி, இல்லாத புள்ளியை இருப்பதாகக் கண்டு, கூலியும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

2010இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கல்வெட்டு என்னிடம் வந்தது. நாற்பது ஆண்டுகள் தமிழும் சமயமும் கற்பித்தவர். படியெல்லாம் திருத்தி, வீட்டார் ஒப்பமும் பெற்றாயிற்று. கிருத்தியத்துக்கு முதல்நாள் இரவு, கனடாவிலுள்ள மகன் தம் பங்குக்கு ஒரு பந்தி எழுதி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அதை அவசரமாகத் தட்டிச் சேர்த்தேன். திரையில் இரண்டு முறை படித்தேன். பிழையில்லையென்று தகட்டுக்கு விட்டேன். இரவோடிரவாக 300 பிரதிகள் அச்சாகி, மடிப்பும் தைப்பும் முடிந்து, நாற்பது பிரதிகள் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டன.

விடியுமுன் படலை திறக்கும் ஓசை கேட்டது. அமரரின் மூத்த மகள், அவரும் ஆசிரியையே. கையில் ஒரு கல்வெட்டு.

“அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ.”

அவர் விரல் வைத்த இடத்தில், அமரரின் நாற்பதாண்டுக் கல்விப் பணியைப் புகழ்ந்து மகன் எழுதிய வரி இருந்தது. ‘கல்வி’ என்ற சொல்லின் நடுவெழுத்திலே புள்ளி இல்லை. புள்ளி விழுந்தபின் எஞ்சும் சொல் யாதென வாசகர் தாமே எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல தமிழ்ச் சொல்லே. இலக்கியத்தில் இடமுள்ள சொல்லே. ஓர் ஆசிரியரின் கல்வெட்டில் மட்டும் அதற்கு இடமில்லை.

என் கால்கள் தளர்ந்தன. மறுபடி அச்சிட நேரமில்லை. பத்து மணிக்குச் சனம் வந்துவிடும். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். படம் கீறும் கறுப்பு மைப்பேனாக்கள் நான்கைத் தேடியெடுத்தேன். நானும், என் மனைவியும், அவரும், அவருடைய மகனும் விறாந்தையிற் பாய் விரித்து உட்கார்ந்து, பிரதி பிரதியாகத் திறந்து, அந்த ஒரெழுத்தின் தலையிற் புள்ளி வைத்தோம். வீட்டுக்குப் போன நாற்பதையும் பொடியன் சைக்கிளில் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். கை நடுங்கியதால் முதற் சில பிரதிகளில் என் புள்ளி பெரிதாகிவிட்டது. அம்மா வைத்தது அளவாயிருப்பதாகப் பொடியன் சொன்னான்.

நூறு தாண்டியபோது அந்த அம்மையார் தலை நிமிராமலே பேசினார்.

“அப்பா நாற்பது வருஷம் எல்லாப் பிள்ளையளுக்கும் புள்ளி போட்டவர். இண்டைக்கு நாங்கள் அவருக்குப் போடுறம்.”

என் மனைவி எழுந்து தேநீர் போட உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

அடுத்த வாரமே பட்டணத்துக்குப் போய் 18.5 அங்குலத் தட்டைத் திரை ஒன்றை வாங்கி வந்தேன். உலகில் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் 2007இன் கடைசிக் காலாண்டிலேயே விற்பனையிற் குழாயை முந்திவிட்டனவாம். அச்செய்தி என் மேசைக்கு வர மூன்றாண்டு சென்றது. பெட்டியை ஒரு கையிற் பிடித்து வந்தேன். பூனை வந்து பார்த்தது. ஏறியிருக்க இடமில்லாததைக் கண்டு அன்றே வீட்டின் வேறு மூலைக்குப் போய்விட்டது. பஞ்சாங்கம் ஆணியிலே தொங்கலாயிற்று.

ஆனால் முதல்நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். எழுத்து முன்னையிலும் மோசமாயிருந்தது. தடித்து, ஈரக் கடதாசியில் மையூறியது போலக் காட்சியளித்தது. பணத்தைக் கொட்டி மறுபடியும் ஏட்டுச்சுவடி வாங்கினேனோ என்று கலங்கினேன். பிழை என் மருமகனுடையது. எனக்கு வசதியாயிருக்கட்டுமென்று பழைய குழாயில் இருந்தபடியே 1024க்கு 768 என்ற அளவை வைத்துவிட்டான். குழாய்க்கு எந்த அளவும் ஏறத்தாழச் சம்மதம். கற்றையை எப்படியும் ஓட்டலாம். தட்டைத் திரை அப்படியன்று. அதிலே படப்புள்ளிகள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை. என்னுடையதிற் குறுக்கே 1366, நெடுக்கே 768. 1024ஐ இழுத்து 1366இன்மேற் போர்த்தினால் ஒரு புள்ளி ஒன்றேகாலுக்கும் மேலாகி, அயற்புள்ளியின் வீட்டுக்குள் கால் நீட்டும். அதற்குரிய அளவையே கொடுத்து, எழுத்துச் சிறிதாயிற் பேஜ்மேக்கரிற் பெருப்பித்துப் பார்ப்பதே முறை. அளவை மாற்றினோம். அந்தக் கணத்தில், 12 பொயின்ற் எழுத்தின் தலையிற் கறுப்பாக, தனியாக, கடுகுபோலப் புள்ளி நின்றது. பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எத்தனை புள்ளி போயிருந்தது என்ற கணக்கை இங்கே எழுத மாட்டேன். தொழில் செய்து பிழைப்பவன் நான்.

இந்தத் தட்டைத் திரையின் பூர்வீகம் கரட் கிழங்கில் இருக்கின்றது என்றால் நம்புவீர்களா? 1888இல் பிராக் நகரிலிருந்த பிரீட்றிக் றைனிற்சர் என்னும் ஒஸ்திரியத் தாவரவியலாளர், கரட்டிலிருந்து பெற்ற கொலஸ்திரோல் சார்ந்த பொருளொன்றைச் சூடாக்கியபோது, அது 145.5 பாகையில் உருகிக் கலங்கலாக நின்று, 178.5 பாகையிலேதான் தெளிந்ததைக் கண்டார். இரண்டுக்கும் இடையில் அது திண்மமுமில்லை, சாதாரண திரவமுமில்லை; திரவப் பளிங்கு. மின்னழுத்தத்தால் அதன் மூலக்கூறுகளைத் திருப்பி ஒளியை விடவும் மறிக்கவும் பிற்காலத்தார் கற்றுக்கொண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு கதவுகள். கதவு கதவாகவே இருப்பதால் வெண்மை கரை மீறுவதில்லை.

குறையும் உண்டு. கறுப்பு முழுக்கறுப்பாக வருவதில்லை. பின்விளக்கு எங்கோ கசிகின்றது. எழுந்து நின்று பார்த்தால் அமரரின் படத்தில் முகநிறம் வேறாகிவிடும். ஆகவே படம் சரிபார்க்க வருவோரை என் கதிரையிலேயே உட்கார வைக்கிறேன். மின்சாரச் செலவு குறைந்தது. மின்வெட்டின்போது மின்கலப் பெட்டி சற்றுக் கூடுதல் நேரம் தாங்கியது.

பழைய குழாயை என்ன செய்வது? பழைய இரும்பு எடுப்பவன் வந்து, உள்ளேயிருக்கும் செப்புக் கம்பிக்கு மட்டும் விலை சொன்னான். கண்ணாடியை உடைத்து வளவில் எறிந்துவிடுவதாகவும் சொன்னான். கொடுக்கவில்லை. குழாய்க்குள் உண்டாகும் எக்ஸ்-கதிர் வெளிவராதிருக்க அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கின்றது. உடைந்தால் மண்ணுக்கும் கிணற்றுக்கும் ஆகாது. ஈய எழுத்தைவிட்டு வந்து எத்தனையோ காலமாயிற்று என்றிருந்தவன், அத்தனை ஆண்டும் ஈயத்தின் முன்னேதான் உட்கார்ந்திருந்தேன். குழாய் பின் விறாந்தையில் சாக்குப் போர்த்தபடி இருக்கின்றது. பூனை சில நாள் அதன்மேற் படுத்துப் பார்த்தது, சூடில்லையென்று விட்டுவிட்டது.

ஆண்டுத் திவசத்துக்கு முன் அந்த அம்மையார் மீண்டும் வந்தார். தகப்பனார் மாணவர்க்கு எழுதிய சிறு கட்டுரைகளை நூலாக்க வேண்டுமாம். வேறு அச்சகம் பட்டணத்தில் இல்லையா என்று நான் கேட்கவில்லை. தட்டி முடித்தபின், கடதாசியில் எடுக்குமுன் திரையிலேயே தாம் ஒருமுறை பார்க்க வேண்டுமென்றார். என் கதிரையைக் கொடுத்தேன். முதற் கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, ஆட்காட்டி விரலை நீட்டி, நடுவெழுத்தின் தலையில் வைத்தார். தட்டைத் திரையை அழுத்தினால் உள்ளிருக்கும் திரவம் விலகும். விரலைச் சுற்றி நீரிற் கல் விழுந்ததுபோல நிறங்கள் வளையமிட்டு அலைந்தன. அவர் பதறி விரலை எடுத்தார். அலை அடங்கியது. புள்ளி அங்கேயே இருந்தது.