மிளகாய்க் கன்றும் வீட்டு மருந்தும்

2022ஆம் ஆண்டில் உணவுப் பொருட்களின் விலை எட்டாத உயரத்திற்கு ஏறியபொழுது, கொழும்பு நகரத்தார் பலர் முதன்முறையாக மண்ணிலே கைவைத்தனர். வீட்டுத் தோட்டஞ் செய்வதற்கென்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கவும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தீர்மானிக்கப்பட்டது. கிருலப்பனையில் எமது ஒடுங்கிய முற்றத்திலும், பழைய வாளிகளில், ஆறு மிளகாய்க் கன்றுகள் குடியேறின.

ஒரு மாதத்துள் இலைகள் சுருளத் தொடங்கின. அயலார் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். உள்ளிச் சாறு என்றார் ஒருவர். புகையிலைக் கஷாயம் என்றார் மற்றொருவர். உடுப்புத் தோய்க்கும் தூளைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார் மூன்றாமவர். நாமோ மூன்றையும் ஒன்றாய்க் கலந்து நண்பகல் வெயிலில் தெளித்தோம். மூன்றாம் நாள் பூச்சிகளைக் காணோம், இலைகளையுங் காணோம்!

வீட்டு மருந்து என்றதும் அது தீங்கற்றது என்று எண்ணிவிடுகிறோம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்திடுவது செடிக்கும் ஆபத்தேயாகும். மிளகாயிலை மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை; கீழ்நோக்கிச் சுருண்டால் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் வேலை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயாயின், எந்த மருந்தும் பலியாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. ஆகவே முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். எறும்புகள் ஏறியிறங்குகின்றனவா என்றும் கவனியுங்கள். அழுக்கணவனும் மாப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காப்பதுண்டு.

இவ்விரு பூச்சிகளுக்கும் சவர்க்கார நீர் நன்று. சாதாரணச் சவர்க்காரக் கட்டியிலிருந்து சீவிய ஒரு தேக்கரண்டித் துருவலை ஒரு லீற்றர் நீரிற் கரைத்து, முதலில் ஓரிரு இலைகளில் மட்டும் தெளித்துப் பாருங்கள். மறுநாள் அவை வாடாவிடின், இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். பூச்சியின் உடலிற் பட்டாலன்றி இது கொல்லாது. உலர்ந்தபின் அதற்கு வலிமையில்லை.

இலை தின்னும் புழுக்களுக்கு வேப்பம் பருப்பு சிறந்தது. 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரஞ் சேர்த்துத் தெளிக்க வேண்டும். இது உடனே கொல்வதன்று. புழுவின் பசியைக் கெடுத்து, அது தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். வெயிலிலே விரைவில் வலிமையிழப்பதால், இதற்கும் மாலை வேளையே உகந்தது. யாழ்ப்பாணத்து வளவுகளில் வேம்புக்குப் பஞ்சமில்லை. கொழும்பார் கடையைத்தான் நாடவேண்டும்.

புகையிலைக் கஷாயத்தை மாத்திரம் விட்டுவிடுங்கள். அதிலுள்ள நிக்கொட்டீன் தோலினூடாகவும் உடலிற் புகும் நஞ்சு, தேனீக்களையுங் கொல்லும். அன்றியும், புகையிலையிலுள்ள தேமல் நோய் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடும். குழந்தைகள் உலவும் வீட்டில் இத்தகைய பாத்திரம் எதற்கு?

எல்லாப் பூச்சிகளும் பகைவரல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2008இல் மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாசி மாப்பூச்சி இலங்கையிற் காணப்பட்டது. பப்பாசி மரங்கள் வெண்பஞ்சு போர்த்தாற்போலாகிக் காய்கள் வீணாயின. அதனை அடக்கியது மருந்தன்று. 2009இல் புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட, கடுகினுஞ் சிறிய ஒரு குளவி! அது மாப்பூச்சியின் உடலுக்குள்ளே முட்டையிடும். பிறக்கும் புழு அப்பூச்சியையே உண்டு வளரும். நாம் அன்று தெளித்த கலவை இத்தகைய நண்பர் எத்தனை பேரைக் கொன்றதோ!

இப்போது எமது முற்றத்தில் பாகற்கொடி படர்ந்திருக்கிறது. பழ ஈ பிஞ்சிலே முட்டையிடுமுன் ஒவ்வொரு பிஞ்சையும் கடதாசிக் கூட்டினுள் இட்டுக் கட்டிவிடுகிறோம். தெளிப்பதற்கு எதுவும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் ஒரு தாளில் நான்கு கூடுகள் ஒட்டலாம். மழை நனைத்தால் மாற்றிவிடவேண்டும். இப்பக்கத்தையும் படித்து முடித்தபின் தாராளமாகப் பயன்படுத்தலாம்.